சார்செரோவின் சம்மதம்

சான் ஹொசே
மார்ச் 4

அன்புள்ள தங்கை செனேய்தாவுக்கு,

ஆண்டவர் அருளால் நான் நலம். உன் முழங்கால் வலி சற்றுக் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். மாடுகளும் நலம்தானே? நீ பேருந்து ஓட்டுநரிடம் கொடுத்தனுப்பிய சீஸ் உருண்டை கெடாமல் வந்து சேர்ந்தது. உன் மேட்டுக்குத் தொலைபேசி எட்டாததால் இதையும் அவரிடமே கொடுத்தனுப்புகிறேன்.

ஒரு செய்தி. பசிபிக்கின் அக்கரையில் இருக்கும் நாடுகளின் வர்த்தக ஒப்பந்தத்தில் நம் நாடு சேரலாமா வேண்டாமா என்று ஆராய ஓர் ஆலோசனைக் குழு போட்டிருக்கிறார்கள். புள்ளியியல் தெரிந்த ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் வேண்டும் என்று என்னை அழைத்தார்கள். வேறு யாரும் கிடைத்திருக்க மாட்டார்கள். எனக்கும் மறுக்கத் தெரியவில்லை.

முதல் கூட்டம் ஓர் ஓட்டலில் நடந்தது. பால் உற்பத்தியாளர்களின் கருத்தைக் கேட்கும் கூட்டம் என்று பலகை வைத்திருந்தார்கள். மதிய உணவில் ரொட்டியோடு வெள்ளித்தாளில் சுற்றிய வெண்ணெய்க் கட்டிகள் வந்தன. ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். நியூசிலாந்தில் செய்தது. நம் ஊர் சார்செரோவிலிருந்து வந்த பால்காரர்கள் அதை ரொட்டியில் தடவிச் சாப்பிட்டுவிட்டு, "ரொம்ப நல்லாருக்குங்க" என்று பரிமாறியவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் குமட்டியது. என் வயிற்றுக் கோளாறாகவும் இருக்கலாம், அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை.

குழுவை நடத்துபவர் ஒக்டாவியோ சமோரா. நாற்பது வயதிருக்கும், மிகவும் மரியாதை தெரிந்தவர். ஒப்பந்த நாடுகளின் தூதுக்குழு மே மாதம் வருகிறதாம். அவர்களுக்கு ஒரு சிறிய பால்பண்ணையைக் காட்ட வேண்டும் என்றார். பேச்சுவாக்கில் உன் பெயரைச் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்று வீட்டுக்கு வந்தபின் தோன்றியது.

உன் நலம் நாடும் அண்ணன்,
பெலார்மினோ


லா பிரிசா, சார்செரோ
மார்ச் 19

மரியாதைக்குரிய அண்ணனுக்கு,

நான் நலம், முழங்கால் மட்டும் நலமில்லை. உங்கள் வயிற்றுக்குக் கெமோமில் பூ கொஞ்சம் வைத்திருக்கிறேன். கொதிக்க வைத்துக் குடியுங்கள், சர்க்கரை வேண்டாம்.

நீங்கள் ஒன்றும் பேச்சுவாக்கில் சொல்லவில்லை. அந்த ஒக்டாவியோ முகத்தைப் பார்த்துக் கேட்டிருப்பார், உங்களால் இல்லை என்று சொல்ல முடிந்திருக்காது. எனக்கு உங்களைத் தெரியாதா?

பரவாயில்லை, வரட்டும். அந்த நியூசிலாந்தில் மனிதர்களைவிட மாடுகள் அதிகம் என்கிறார்கள். மிஞ்சும் பாலை எல்லாம் மாவாக்கி நம் தலையில் கொட்டப் போகிறார்கள். அதை அவர்கள் முகத்துக்கு நேராகவே கேட்கிறேன். ஒரு வார்த்தைகூட மென்று விழுங்க மாட்டேன்.

இன்று காலை பால் கறக்கும்போது பலோமா வாளியை உதைத்துத் தள்ளிவிட்டாள். "என்னங்கம்மா, நீங்களும் அக்கரைக்காரங்களோட சேந்துட்டீங்களா?" என்று கேட்டேன். வாலைச் சுழற்றி என் கன்னத்தில் ஒன்று வைத்தாள்.

ஆலையின் பால் வண்டி இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வருகிறது. பாதை மோசமாம். அதனால் சீஸ் செய்ய நிறைய நேரம் கிடைக்கிறது, நல்லதுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கை செனேய்தா


சான் ஹொசே
ஏப்ரல் 10

அன்புள்ள செனேய்தா,

நலம், நலமறிய ஆவல். கெமோமில் குணம் தருகிறது.

வருபவர்களிடம் கடுமையாகப் பேசிவிடாதே என்று முதலில் எழுதினேன். அதைக் கிழித்துவிட்டு, தயங்காமல் பேசு என்று எழுதினேன். அதையும் கிழித்துவிட்டேன். எது சரி என்று எனக்கே தெரியாதபோது உனக்கு எப்படிச் சொல்வது? தேதியை மட்டும் தெரிவிக்கிறேன்: மே 12, காலையில். நானும் அவர்களோடு வருகிறேன்.

அண்ணன்,
பெலார்மினோ


லா பிரிசா
மே 14

அண்ணா,

நலம் விசாரிப்பது முறை, அதனால் விசாரிக்கிறேன். நான் நலமில்லை.

நீங்களும் அங்கேதான் இருந்தீர்கள். ஆனால் சைப்ரஸ் மர வேலிக்குப் பக்கத்தில் தள்ளியே நின்றீர்கள், உங்களுக்கு எல்லாம் கேட்டிருக்காது. கேட்காத மாதிரி நின்றீர்களோ என்னவோ. அதனால் நடந்ததைச் சொல்கிறேன்.

கடையிலிருந்து அப்படியே கால்களில் ஏறிய புது ரப்பர் பூட்ஸோடு ஐந்து பேர் என் சமையலறைக்குள் வந்தார்கள். விடியும் முன்பே எழுந்து சோள மாவில் சீஸ் வைத்த டோர்த்தியா சுட்டு வைத்திருந்தேன். புளித்த பாலேடு, பொரித்த வாழைப்பழம், துணியில் வடித்த காபி எல்லாம் இருந்தது. வீட்டுக்கு வந்தவர்களை வெறும் வாயோடு உட்கார வைக்க முடியுமா? முதலில் சாப்பிடட்டும், பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அங்கேதான் தவறினேன்.

அந்த உயரமான, சிவந்த முகத்துக்காரர் ஏதோ கேட்டார். ஒக்டாவியோ, பெயருக்கு முன் மரியாதையாக டோன்யா போட்டு, அதை எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னார்.

"டோன்யா செனேய்தா, இந்த ஒப்பந்தம் வந்தா உங்களுக்குப் பயமா இருக்குமான்னு கேக்குறார்."

ஆமாம் என்ற சொல் என் நாக்கில்தான் இருந்தது, அண்ணா. ஆனால் அந்த மனிதர் கையில் என் கோப்பை இருந்தது. அவர் மீசையில் என் பாலேடு ஒட்டியிருந்தது.

"பயம் என்னங்க, ஆண்டவர் பாத்துக்குவார். கூச்சப்படாம சாப்பிடச் சொல்லுங்க."

"அப்ப நாடு சேரலாம்ங்கறீங்க."

"படிச்சவங்க எல்லாரும் யோசிச்சுத்தானே செய்றீங்க? எனக்கு சந்தோஷந்தான். இன்னொரு டோர்த்தியா வெக்கட்டுமா?"

வைத்தேன். கிளம்பும்போது ஆளுக்கொரு சீஸ் உருண்டையும் இலையில் கட்டிக் கொடுத்தேன். வாசல்வரை போய்க் கையசைத்தேன். உள்ளே வந்து வாயைக் கழுவினேன். மறுபடியும் கழுவினேன். சந்தோஷந்தான் என்ற அந்தச் சொல் போகவில்லை.

நீங்கள் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். அன்று மழையே இல்லை.

செனேய்தா


சான் ஹொசே
ஜூன் 20

அன்புள்ள தங்கைக்கு,

ஒரு மாதத்துக்கு மேலாக உனக்குப் பதில் எழுதவில்லை. உடம்பு நலம். மனசு இல்லாததால்தான் எழுதவில்லை. மழை இல்லாதபோது குடை பிடித்தது உண்மை. யாரும் என்னிடம் எதையும் கேட்டுவிடக் கூடாது என்பதற்காகவே பிடித்திருப்பேன்.

குழுவின் அறிக்கை வரைவு வந்துவிட்டது. "சார்செரோவின் சிறு உற்பத்தியாளர்கள் ஒப்பந்தத்தை மகிழ்ச்சியுடன் வரவேற்கிறார்கள்" என்று அதில் இருக்கிறது. பக்கத்தில் உன் புகைப்படம். கையில் தட்டோடு சிரித்துக்கொண்டிருக்கிறாய். பார்க்கச் சகிக்கவில்லை. இதைக் காட்டித்தான் மற்ற ஊர்களிலும் சம்மதம் வாங்கப் போகிறார்கள்.

ஒக்டாவியோவைப் போய்ப் பார்த்தேன். சொல்ல வேண்டியதை வீட்டில் ஒத்திகை பார்த்துவிட்டே போனேன்.

"டோன் ஒக்டாவியோ, அது உபசாரத்துக்குச் சொன்னதுங்க. வீட்டுக்கு வந்தவங்க கேட்டா நம்ம ஆளுங்க இல்லைன்னு சொல்ல மாட்டாங்க. உங்களுக்குத் தெரியாததா?"

"நல்லாவே தெரியும் டோன் பெலார்மினோ. எங்கம்மாவும் அப்படித்தான்." சிரித்தார். "ஆனா வந்தவங்களுக்கு அது தெரியாதில்ல?"

"அந்த வரியை எடுத்துடலாமே."

"தாராளமா எடுத்துடலாம். நீங்க கேட்டு நான் மாட்டேன்னு சொல்வேனா?"

எடுக்க மாட்டார். நானும் இந்த ஊர்க்காரன்தான், எனக்குத் தெரியாதா? "ரொம்ப நன்றி" என்று கைகுலுக்கிவிட்டு வந்தேன். அந்தக் கையைப் பேருந்தில் என் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்ளக்கூட மனமில்லை.

ஆனால் ஒரு வழி இருக்கிறது, செனேய்தா. என் தொழிலில் இதைச் செய்வோம். தன்னைப் பற்றிச் சொல்லக் கூசுகிறவரிடம் அடுத்தவரைப் பற்றிக் கேட்க வேண்டும். "ஒப்பந்தம் வந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டால் சார்செரோவில் எல்லோரும் ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்பார்கள். "பக்கத்து வீட்டுக்காரர் என்ன செய்வார்?" என்று கேட்டால் உண்மை வரும். குழுவில் எனக்கு இன்னும் ஓர் இடம் இருக்கிறது. ஆகஸ்டில் பொது விசாரணை. அதற்குள் வீடு வீடாகப் போய்க் கேட்கப் போகிறேன். உன் வீட்டில் தங்க மாட்டேன். உன் அண்ணன் என்று நினைத்தால் பதில்கள் சாய்ந்துவிடும். ஊரில் ஒரு விடுதியில் அறை எடுத்துக்கொள்கிறேன்.

முழங்காலுக்குத் தைலம் வைத்திருக்கிறேன்.

அண்ணன்,
பெலார்மினோ


லா பிரிசா
ஜூலை 1

மரியாதைக்குரிய அண்ணனுக்கு,

நலம். தைலம் நன்றாகக் கேட்கிறது.

நீங்கள் வருவதில் மிகுந்த சந்தோஷம். ஆனால் மழையில் லா பிரிசா பாதை சரிந்து கிடக்கிறது, உங்கள் வயதுக்கு ஏறி வர முடியாது. கீழே இருக்கும் வீடுகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முக்கியமாக என் பக்கத்து வீட்டு நவுதிலியோவிடம் போக வேண்டாம். அவர் மனைவிக்குக் கடுமையான சளி, உங்களுக்கும் ஒட்டிக்கொள்ளும்.

செனேய்தா


சார்செரோ
ஜூலை 22

அன்புள்ள செனேய்தா,

விடுதியிலிருந்து எழுதுகிறேன். நலம். பாதை சரியவில்லை. நவுதிலியோவின் மனைவிக்குச் சளியும் இல்லை. நன்றாகப் பாடிக்கொண்டே துணி துவைத்துக்கொண்டிருந்தார்.

நான் நினைத்தபடியே நடந்தது. ஒவ்வொரு வீட்டிலும் தங்களைப் பற்றிக் கேட்டபோது "சமாளிச்சுக்குவோம்ங்க" என்றார்கள். பக்கத்து வீட்டைப் பற்றிக் கேட்டதும் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். என் முறை பலித்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அந்தப் பெருமையோடுதான் நவுதிலியோ வீட்டு வாசலில் "ஊப்பே" என்று குரல் கொடுத்தேன். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. நான் ஊரை விட்டுப் போய் எத்தனை காலமாகிறது.

"டோன் நவுதிலியோ, அந்த ஒப்பந்தம் வந்தா உங்க பக்கத்து வீட்டுக்காரங்க என்ன செய்வாங்க?"

"வந்தா என்னங்க, வர்றதுக்கு முன்னாடியே செஞ்சாச்சு. டோன்யா செனேய்தா பாதி மாட்டை வித்துட்டாங்க."

"எப்போ?"

"ஏப்ரல்ல இருந்து ஒண்ணொண்ணாப் போகுது. கடைசியா அந்தப் பலோமா போனப்ப லாரி பின்னாலேயே வளைவுவரைக்கும் நடந்து போனாங்க. அந்தக் காலை வெச்சுக்கிட்டு."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"யார்கிட்ட சொல்றது? தலைநகரத்துல ஒரு அண்ணன் இருக்காராம், பெரிய படிப்பாளி. இதுக்கெல்லாம் கையெழுத்துப் போடுற குழுவுல உக்காந்திருக்காராம். அவர் மனசு நோகக் கூடாதுன்னு சொல்லல." பிறகு என்னை உற்றுப் பார்த்தார். "காபி சாப்பிடுங்க, ஆறிடும்."

குடித்து முடித்தேன். உன் வேலிவரை வந்தேன். கொட்டகையின் ஒரு பக்கம் காலியாக இருந்தது. தூதுக்குழு வந்த அன்று நான் மாடுகளை எண்ணவில்லை. எண்ணுவதே தொழிலாக இருந்தவன், வேலிப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

உள்ளே வரத் துணிவில்லாமல் திரும்பிவிட்டேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. இருந்தும் கேட்கிறேன்.

பெலார்மினோ


லா பிரிசா
ஆகஸ்ட் 2

அண்ணா,

வேலிவரை வந்துவிட்டு உள்ளே வராமல் போனதற்கு உங்களை என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். நலமா?

மார்ச் மாதமே ஆலையிலிருந்து ஒருவர் வந்தார். காபி குடித்தார். சிறு பண்ணைகளின் பாலைப் படிப்படியாகக் குறைத்து, வருஷ முடிவில் நிறுத்தப் போகிறோம் என்றார்.

"ஒப்பந்தம் வரப்போகுதும்மா. பால் மாவு மலிவா வந்து எறங்கும். நாங்க இப்பவே தயாராகணும்ல."

"நாடு இன்னும் யோசிச்சுக்கிட்டுதானே இருக்கு? எங்கண்ணன்தான் அந்தக் குழுவுல இருக்கார்."

"நாடு நிதானமா யோசிக்கட்டும்மா. ஆலைக்கு அவ்வளவு நேரமில்ல."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? இவ்வளவு தூரம் வந்து சொன்னதற்கு நன்றி என்றேன். அவருக்கும் ஒரு சீஸ் உருண்டை கொடுத்தேன். என் கழுத்தை அறுக்க வந்தவனுக்குக் கத்தியைத் துடைத்துக் கொடுத்திருக்கிறேன். நினைக்கும்போதெல்லாம் உடம்பெல்லாம் ஏதோ பிசுபிசுவென்று ஒட்டியிருப்பது போல இருக்கிறது.

பால் எடுக்க ஆளில்லாதபோது தீவனம் எதற்கு? பதினொரு மாடுகள் போய்விட்டன. மிச்சமுள்ளவற்றின் பாலைச் சீஸாக்கி வெள்ளிக்கிழமைச் சந்தையில் விற்கிறேன். அவற்றை விடாமல் காப்பாற்ற வேண்டும், அவ்வளவுதான் இப்போது என் எண்ணம். இந்த நிலத்தையும் ஓட்டல் கட்ட ஒருவர் கேட்கிறார். அவரிடமும் மாட்டேன் என்று சொல்லவில்லை, யோசிப்பதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். இப்படியே எல்லோரிடமும் யோசிப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தால் ஒருநாள் நானும் லாரியில் ஏறிவிடுவேன்.

உங்களிடம் சொன்னால் நீங்கள் அந்தக் குழுவின் நாற்காலியில் உட்கார முடியாமல் போகும் என்று நினைத்தேன். உங்களுக்கும் நான் உபசாரம்தான் செய்திருக்கிறேன்.

செனேய்தா


சான் ஹொசே
ஆகஸ்ட் 28

அன்புள்ள தங்கை,

நலம் என்று எழுதுவது வழக்கம். பொது விசாரணை நடந்த ஓட்டலின் கழிப்பறையில் வாந்தி எடுத்தேன். இப்போது பரவாயில்லை.

என் முறை வந்ததும் எழுந்து வாசித்தேன். கேட்ட வீடுகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும், பக்கத்து வீட்டுக்காரர் மாடுகளை விற்றுவிடுவார் என்றே சொன்னார்கள் என்றேன். ஊரில் ஒவ்வொருவரும் யாரோ ஒருவருக்குப் பக்கத்து வீட்டுக்காரர்தான் என்றும் சொன்னேன். அந்தப் புகைப்படத்தில் இருப்பவர் என் தங்கை, அவரிடம் இப்போது பாதி மாடுகள் இல்லை என்றும் சொன்னேன். கடைசி வரிவரை வாசித்துவிட்டேன்.

கைதட்டினார்கள். ஒக்டாவியோ எழுந்து நின்று கைதட்டினார். "மிக மிக மதிப்புள்ள பங்களிப்பு. தகுந்த விதத்தில் கவனத்தில் எடுத்துக்கொள்வோம். இப்போது காபி இடைவேளை" என்றார்.

எனக்கு என்ன ஆயிற்றென்று தெரியவில்லை. உட்காரவில்லை.

"பாராட்டு வேண்டாம்ங்க. எடுத்துக்க மாட்டோம்னு சொல்லுங்க. என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."

ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் ஏதோ அசிங்கமாகப் பேசிவிட்டதைப் போல நெளிந்தார்கள். யாரோ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒக்டாவியோ என் தோளில் கை வைத்து, "களைச்சுப் போயிட்டீங்க டோன் பெலார்மினோ" என்றார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, "பக்கத்து வீட்டுப் பேச்சு வெறும் ஊர்வம்புதானேங்க? டோன்யா செனேய்தாவே நேர்ல சம்மதம் சொல்லியிருக்காங்க. சந்தேகம்னா இன்னொரு தடவை அவங்களையே கேட்டுப் பதிவு பண்ணிட்டு வரலாம்" என்றார். எல்லோருக்கும் அது நியாயமாகப்பட்டது.

செப்டம்பர் 13 அன்று கேமராவோடு உன் வீட்டுக்கு வருகிறார்கள். நீ என்ன சொல்கிறாயோ அதுவே அறிக்கையில் நிற்கும். நான் கூட வரப் போவதில்லை. நான் வேலிப் பக்கத்தில் நிற்பதால் உனக்கு ஒரு பயனும் இல்லை என்பதைப் பார்த்துவிட்டோம். அறிக்கையிலிருந்து என் பெயரை எடுத்துவிடச் சொல்லிவிட்டேன்.

நீ என்ன சொல்ல வேண்டும் என்று எழுத மாட்டேன்.

அண்ணன்,
பெலார்மினோ


லா பிரிசா
செப்டம்பர் 14

அண்ணா,

நேற்று வந்தார்கள். ஒக்டாவியோவும் ஒரு கேமராக்காரரும். தூறிக்கொண்டிருந்தது. ஒக்டாவியோ கேட்டுக்கு வெளியே நின்று "ஊப்பே, டோன்யா செனேய்தா" என்று அழைத்தார். அடுப்பில் காபி வடிந்துகொண்டிருந்தது. நான் கதவருகே போய் நின்றேன்.

"எப்படி இருக்கீங்கம்மா? காபி வாசனை இங்கவரைக்கும் வருதே."

"வருதுங்க."

கேட்டைத் திறக்கவில்லை. அவர் சிரித்தபடியே காத்திருந்தார். பிறகு, "மழை பெய்யுதும்மா" என்றார்.

"பெய்யுதுங்க."

"ஒண்ணும் பெருசா இல்ல. அன்னிக்குச் சொன்னதையே ஒரு தடவை இந்தக் கேமராவுக்குச் சொல்லிட்டாப் போதும்."

"அன்னிக்குச் சொன்னது பொய்ங்க. இந்த ஒப்பந்தம் வேண்டாம். பதினொரு மாடு போயிடுச்சு, மிச்சத்தை விக்க மாட்டேன். என் படத்தை எடுத்துடுங்க. எடுத்துடலாம்னு சொல்லாதீங்க. எடுங்க."

கேமராக்காரர் ஒக்டாவியோவைப் பார்த்தார். ஒக்டாவியோ கையால் நிறுத்தச் சொன்னார். ஆனால் நான் பேசியது முழுவதும் அதற்குள் பதிவாகிவிட்டது. கேமராவின் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது, நான் பார்த்தேன்.

அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை, அண்ணா. வாய்ப்பேச்சு அவரை ஒன்றும் செய்யவில்லை. இதை எப்படித் துடைத்து எழுதுவது என்று அப்போதே யோசித்திருப்பார். "சரிம்மா, கோபமா இருக்கீங்க, புரியுது" என்று சொல்லிவிட்டு, கையிலிருந்த ஃபைலைத் தலைமேல் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார். நான் உள்ளே போகவும் இல்லை, அவரைக் கூப்பிடவும் இல்லை. முடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. காபி கொடுக்காமல் அனுப்பிவிடுவேன் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அது வரும், இதோ வந்துவிடும் என்று காத்திருந்தார். வராது என்று புரிந்தபோதுதான் அவர் முகம் மாறியது. பயந்துபோன முகம். கேமராக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு காருக்கு நடந்தார்.

கார் வளைவில் திரும்பும்வரை நின்றேன். பிறகு நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். நம் அம்மா உயிரோடிருந்தால் என்னை வீட்டுக்குள் சேர்த்திருக்க மாட்டாள். மழையில் நின்றவரை ஒரு வாய் காபி இல்லாமல் அனுப்பிவிட்டேன். நேற்று முழுக்க என்னைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது. இன்றும் இருக்கிறது.

மறுபடி வந்தாலும் கேட்டைத் திறக்க மாட்டேன்.

செனேய்தா